எருமையைக் கொடுத்து வாங்கின பிளசர்

என் வீட்டுக்காரர அறைஞ்ச கைய நான் இன்னைக்கும் மறக்கல. வலது கை, மோதிர விரல்ல பவள மோதிரம். எங்க சங்கரன்கோவில்ல விசைத்தறி வச்சு ஓட்டுன ஒரு மொதலாளியோட கை அது. எங்க வீட்டுக்காரர் அவருகிட்ட பதினோரு வருசம் கார் டிரைவர். நான் அதே மொதலாளியோட தறிக் கொட்டகையில தார் சுத்துன பொம்பள, அதாவது தறியில ஓடுத நாடாவுக்குள்ள போடுத குச்சியில நூல் ஏத்துத வேலை. நூல் சுத்துனவளுக்குக் கார் கண்ணாடி ரப்பரும் துருவும் எப்படித் தெரியும்னு கேக்காதவுக கெடையாது. ஆத்திரம் படிச்சுக் குடுத்துச்சுன்னு சொல்லுவேன். அதுதான் நெசம்.

எழுபதுகளோட கடைசி. மொதலாளியோட மூத்த மகளுக்குப் புளியங்குடியில நிச்சயதார்த்தம். மாப்பிள்ளை வீடு அங்கன எலுமிச்சங்கா கமிஷன் கடை வச்சிருந்த பெரிய குடும்பம். மொதலாளி பிளசர்ல முன்சீட்டுல, மடியில நிச்சயப் பட்டு. அப்பெல்லாம் கார எங்க ஊர்ல பிளசர்னுதான் சொல்லுவோம். அது மூஞ்சி உருண்ட கறுப்பு வண்டி, அப்பவே இருவது வருசப் பழசு. சீர்த்தட்டு சொமக்க வந்த நாங்க பொம்பளைகள்லாம் பின்னால வேன்ல போறோம். ஐப்பசி மழை வழி பூராவும் கொட்டுது.

மாப்பிள்ளை வீட்டு வாசல்ல மொதலாளி இறங்குனாரு. வேட்டி முன்பக்கம் நனைஞ்சு தொடையோட ஒட்டிக் கெடக்கு. முன்கண்ணாடி அடி ரப்பர் வழியா தண்ணி மடியில சொட்டிக்கிட்டே வந்திருக்கு. பட்டும் நனைஞ்சு, அதோட அரக்குச் சாயம் வேட்டியில இறங்கிருச்சு. அந்த வீட்டுப் பொம்பளைக முந்தானையால வாயப் பொத்திக்கிட்டுச் சிரிச்சாவ. சம்பந்தி ஆகப்போறவரு ஒரு துண்ட எடுத்து நீட்டுனாரு. மொதலாளி துண்ட வாங்கல. திரும்பி எங்க வீட்டுக்காரர் கன்னத்துல பளார்னு ஒண்ணு வச்சாரு.

"உப்புப் போட்டுத்தானல சோறு திங்க? ஒரு ரப்பரப் பாத்துக்கிடத் துப்பில்ல, வண்டியத் துருப்பிடிக்க விட்டுட்ட. ஒனக்கெதுக்குல டிரைவர் வேலை?"

நான் கையில வாழப்பழத் தாம்பாளத்தோட பத்தடி தள்ளி நிக்கேன். தட்டக் கீழ போட்டுட்டு நாலு கேள்வி கேட்டிருக்கணும். கேக்கல. தட்டோட உள்ள போனேன், வச்சேன், அந்த வீட்டுலயே சாப்பிடவும் செஞ்சேன். அந்தச் சாப்பாட்ட நெனைச்சா இப்பவும் நெஞ்சு கரிக்கும்.

வீட்டுக்கு வந்த பெறகுதான் எங்க வீட்டுக்காரர் மெல்ல விசயத்தச் சொன்னாரு. மொதலாளிக்கு ஒரு பழக்கம். வெள்ளிக்கெழமை வெள்ளிக்கெழமை அம்மன் கோயிலுக்குப் போவாரு, புத்துமண் வாங்கிட்டு வருவாரு. நெத்தியில வைக்குத மண், நோய்நொடிக்கு ஒடம்புல பூசுத மண். அதுல தண்ணி விட்டுக் கொழச்சு முன்கண்ணாடியோட ரெண்டு கீழ் மூலையிலயும் பெருவெரலால அப்புவாரு. மிச்சத்த அப்படியே ரப்பர் மேல இழுத்துத் தேய்ச்சு விடுவாரு. வண்டிக்குக் காவலாம். பத்து வருச மண் ரப்பருக்கும் தகட்டுக்கும் நடுவுல போய் அடைஞ்சு போச்சு. களிமண்ணு தண்ணியக் குடிச்சா லேசுல விடுமா? உள்ள இருந்த தகட்ட அது அரிச்சுத் தின்னுட்டு இருந்திருக்கு. எங்க வீட்டுக்காரர் சனிக்கெழமை தோறும் குச்சி வச்சு நோண்டி எடுத்துட்டுத்தான் இருந்திருக்காரு. ஒருநாள் மொதலாளியோட அம்மா பாத்துட்டு, சாமி மண்ண வழிச்சு எறியுதியேன்னு ஏசியிருக்காவ. அதோட விட்டுட்டாரு.

"இத அங்கனயே சொல்லியிருக்கலாம்லா?"

"சாமி மண்ணாலதான் வண்டி கெட்டுச்சுன்னு நிச்சயதார்த்த வீட்டு வாசல்ல நின்னு சொல்லச் சொல்லுதியா? போடி."

அவரு அப்படிப்பட்ட மனுசன். நான் அப்படி இல்ல. அன்னைக்கு மனசுக்குள்ள ஒண்ண முடிஞ்சு வச்சேன். அதே சம்பந்தி முன்னால, இந்த மொதலாளி தன் வாயாலயே தப்பு எம்மேலதான்னு சொல்லணும். அது நடக்காம நான் சாவக்கூடாது.

வேலை போச்சு. வண்டியத் துருப்பிடிக்க விட்டவன்னு பேரானவனுக்கு ஊர்ல எவன் கார் குடுப்பான்? குருவிகுளம் பக்கம் வெவசாயம் பாத்த ஒரு சம்சாரி வீட்டு டிராக்டர் ஓட்டப் போனாரு. வெள்ளச் சட்டையோட பிளசர் ஓட்டுன மனுசன் தலை பூரா புழுதியோட சைக்கிள்ல வந்து இறங்குவாரு. பாக்கப் பாக்க எனக்கு வயிறு எரியும். சோறு போடும்போதே ஆரம்பிச்சிருவேன். அந்த மொதலாளி வெளங்குவானா, அந்தக் கை வெளங்குமான்னு. அவரு தட்டப் பாத்துக்கிட்டே சாப்பிட்டு எந்திரிப்பாரு. நான் தறிக் கொட்டகைய விட்டு நின்னுட்டேன். வேற எடத்துல தார் சுத்துனேன்.

மொதலாளி புது வண்டி வாங்குனாரு. பழசு கொட்டகைக்குப் பின்னால வேப்பமரத்தடியில ரெண்டு வருசம் கெடந்துச்சு. பெறகு கடையநல்லூர்ப் பாய் ஒருத்தருக்குப் பழைய இரும்புக்குப் போயிட்டுன்னு கேள்விப்பட்டதும் நான் அடுத்த பஸ்ஸுல ஏறிட்டேன். பாய்கிட்ட, அத உடைக்காதீக, எனக்கு வேணும்னேன். என்னம்மா குடுப்பன்னு கேட்டாரு. எங்கிட்ட இருந்தது கறவை எருமை ஒண்ணு, எங்க அப்பா சீரா ஓட்டிவிட்டது. அதக் குடுக்கேன்னேன். பாய் என்னைய ஏற எறங்கப் பாத்தாரு. வூட்டுக்காரர்ட்ட கேட்டியான்னாரு. கேட்டாச்சுன்னு பச்சப் பொய்யச் சொன்னேன்.

வண்டி லாரியில வந்து எங்க தெருவுல இறங்குன அன்னைக்குத் தெருவே கூடிட்டு. பால் குடுத்த எருமையக் குடுத்துட்டு ஓடாத தகரத்த வாங்குன கிறுக்கின்னு மூஞ்சிக்கு நேராவே சொன்னாவ. காலைக் காப்பிக்குப் பாலில்லாம எங்க மாமியா ஒரு மாசம் எங்கூடப் பேசல. எங்க வீட்டுக்காரர் வண்டியச் சுத்திச் சுத்தி வந்தாரு. பானெட்டத் தடவுனாரு. "எதுக்குட்டி இது?"ன்னு மட்டும் கேட்டாரு. டாக்ஸி ஓட்டுங்கன்னேன். மனசுல இருந்தது வேற.

எங்க வீட்டுக்காரருக்குக் கூட்டாளி ஒரு டிங்கர், கார் பாடி வேலை பாக்குதவரு. என்னைய மதினின்னுதான் கூப்பிடுவாரு. அவரு வந்து முன்கண்ணாடி ரப்பர உரிச்சாரு. உள்ள ரெண்டு கை அள்ளுத அளவுக்குச் செவப்பு மண். அதுக்கடியில தகடுன்னு ஒண்ணு இல்ல. விரலால தொட்டா அப்பளம் கணக்கா உதிருது. நான் அந்த மண்ண அள்ளிக் கண்ணுல ஒத்திக்கிட்டுத் துளசிச் செடியில போட்டேன். சாமி மேல எனக்கு என்ன கோவம்? அப்புன வெரல் மேலதான்.

டிங்கர் பொதுவா என்ன செய்வாருன்னா, துரு மேலயே பட்டிங்குத பசையப் பூசி, தேய்ச்சு, பெயின்ட் அடிச்சிருவாரு. ஆறு மாசம் பளபளன்னு இருக்கும். பெறகு கொப்புளம் கெளம்பும். நான் விடல. நல்ல தகடு கண்ணுல தெரியுத வரைக்கும் வெட்டுங்கன்னேன். மதினி, அப்படி வெட்டுனா மிச்சம் ஸ்டீரிங்தான் இருக்கும்னாரு. பரவாயில்லன்னேன். வெட்டி, ட்ரம் தகட்ட அளந்து கேஸ் வெல்டிங் வச்சாரு. நான் தார் சுத்திட்டு வந்து சாயங்காலம் சாயங்காலம் உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பேன். ஒவ்வொரு தேய்ப்புக்கும் ஒருத்தர் மூஞ்சிய நெனைச்சுக்கிடுவேன். கை வலிச்சதே கெடையாது. தேய்ச்ச அன்னைக்கே ரெட் ஆக்சைடு அடிச்சிரணும், ஒரு ராத்திரி ஈரக்காத்துப் பட்டாலும் மறுபடி துரு பூத்திரும்னு டிங்கர் சொன்னத நான் ஒருநாளும் தப்புனதில்ல.

கதவுகளுக்கடியில தண்ணி வடியுததுக்குன்னே சின்ன ஓட்டை வச்சிருக்கான் வண்டி செஞ்சவன். அதெல்லாம் சேறடைஞ்சு கெடந்துச்சு. கொண்டை ஊசிய வச்சு ஒவ்வொண்ணாத் தொறந்தேன். தரையில ஒட்டியிருந்த கம்பளிய உரிச்சு எறிஞ்சேன். அழகுக்குப் போட்டது, உறிஞ்சுன தண்ணிய வருசக்கணக்கா வச்சிருந்திருக்கு. அடித்தகட்டுக்குப் பூரா கழிவு ஆயில். வண்டிக்கடியில நான் மல்லாக்கப் படுத்துக்கிட்டுப் பூசுனத எங்க மாமியா பாத்துட்டு, பேசாம இருந்த விரதத்த விட்டுட்டு ஏச ஆரம்பிச்சாவ.

ரப்பர்தான் பெரிய பாடு. டிங்கர் மூணு தினுசு கொண்டாந்தாரு. மொத தினுசு உள்ளூர்ல கெடைக்குதது, பழைய டயர உருக்கிச் செஞ்சது. மடக்கிப் பாத்தேன், மடக்குன எடத்துல வெளுத்து நரம்பு நரம்பா வெடிப்புத் தெரிஞ்சுச்சு. ரெண்டாவது பஞ்சு மாதிரி மெதுமெதுன்னு இருந்துச்சு, கண்ணாடியோட நல்லா ஒட்டும்னாரு. ஒரு துண்ட வெட்டித் தண்ணிச் செம்புக்குள்ள போட்டு மறுநாள் பிழிஞ்சேன், கை நெறயத் தண்ணி. இத வச்சா புத்துமண்ண வச்ச மாதிரிதான். மூணாவது மதுரையில இருந்து வந்தது. கெட்டி ரப்பர். நகத்தால அழுத்துனா குழி விழுந்து ஒடனே எழும்புது. அதுலயும் ஒரு துண்ட வெட்டி ஒரு சித்திரை மாசம் பூராவும் ஓட்டு மேல வெயில்ல போட்டு வச்சேன். எங்க ஊரு சித்திரை வெயில்ல தாங்குனது எங்கயும் தாங்கும். தாங்குச்சு. ஆனா அதுல கண்ணாடி உக்காருத பள்ளம் நம்ம கண்ணாடிக்கு ஒரு நூல் அளவு அகலமா இருந்துச்சு. டிங்கர் பசை போட்டு ஒட்டிருவோம்னாரு. அகலத்துல ஆடுத கண்ணாடி பசைக்கு நிக்காதுன்னு நான் திருப்பி அனுப்பிட்டேன். சரியான பள்ளம் உள்ளது கெடைக்க இன்னும் நாலு மாசம். டிங்கர் எங்க வீட்டுக்காரர்ட்ட, அண்ணே, மதினிக்குக் கல்யாணத்துக்கு மாப்பிள்ளை பாக்கும்போது கூட இம்புட்டுப் பாத்திருக்க மாட்டாவன்னு சொல்லிச் சிரிச்சாரு.

மாட்டுத விதம் எனக்குன்னே ஏற்பட்ட மாதிரி. ரப்பர மொதல்ல கண்ணாடியச் சுத்தி மாட்டணும். இழுத்து மாட்டக்கூடாது, இழுத்தது நாளாக நாளாகச் சுருங்கி மூலையில வாய் பொளந்திரும். அரை விரக்கடை கூடவே விட்டு வெட்டி அமுக்கி உக்கார வைக்கணும். பெறகு வெளிப் பள்ளத்துல சுத்திலும் ஒரு கயித்தப் பதிச்சு, ரெண்டு முனையும் உள்ள தொங்குத மாதிரி விட்டு, கண்ணாடிய வெளிய இருந்து வண்டியில வைக்கணும். ஒராளு உள்ள உக்காந்து கயித்த இழுக்க இழுக்க, ரப்பரோட உதடு தகட்டு மேல ஏறி உக்காரும். டிங்கர் சணல் கொண்டாந்தாரு. நான் சணல் அறுக்கும்னு சொல்லி நூல முறுக்கித் திரிச்சு வழுவழுன்னு கயிறு செஞ்சேன். வழுக்குததுக்குத் தேங்காண்ணெய் எடுத்தாரு. எண்ணெய் பட்டா ரப்பர் ஊதிப் போவும், சோப்புத் தண்ணி போதும்னேன். வெளிய நின்னு எங்க வீட்டுக்காரர் உள்ளங்கையால அமுக்குதாரு, உள்ள நான் இழுக்கேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவரு கன்னம் தெரியுது. பல்லக் கடிச்சுட்டு இழுத்தேன். ஒரு எடத்துல கூட நொண்டாம உதடு ஏறி உக்காந்துச்சு.

எஞ்சின எங்க வீட்டுக்காரரே பிரிச்சு மாட்டி ஓட வச்சிருந்தாரு. வண்டி டாக்ஸி ஸ்டாண்டுல போய் நின்னப்ப எருமையச் சொல்லிச் சிரிச்சவன்லாம் வாயப் பொளந்தான். மொதலாளி பாத்துட்டு மூஞ்சியத் திருப்பிக்கிட்டாரு. அது போதாது எனக்கு. மழை வேணும். மழையில அவரு அந்த முன்சீட்டுல உக்காரணும். ஆனா எங்க சீமையில மழைய நெனைச்சா வருமா? அந்த வருசம் ஐப்பசி பொய்ச்சது. சம்சாரிக வயலப் பாத்து அழுதாவ, நான் கண்ணாடி ரப்பரப் பாத்து அழுதேன். எங்க வீட்டுக்காரரு கிட்ட தெனமும் கேப்பேன், இன்னைக்கு அந்தாளு வண்டி கேட்டாரா, இன்னைக்கு ஸ்டாண்டுப் பக்கம் வந்தாரான்னு. அடி வாங்குன எடத்த மறந்துட்டியளான்னு கேப்பேன்.

மறு வருசம் மழை கண்ட மேனிக்குக் கொட்டுச்சு. ஒருநாள் காலையில ஸ்டாண்டுக்குச் சாப்பாடு கொண்டு போயிருக்கேன். மொதலாளி வீட்டுல இருந்து ஆள் வருது. மூத்த மக புள்ளைக்குப் புளியங்குடியில காதுகுத்து. சம்பந்தியும் சம்பந்தியம்மாவும் கோயிலுக்கு வந்தவுக, மொதலாளியையும் கூட்டிக்கிட்டுத் திரும்பணும். புது வண்டிக்குள்ள தண்ணி ஏறி ஸ்டார்ட் ஆகல. ஸ்டாண்டுல நிக்குதது எங்க வண்டி ஒண்ணுதான். தூக்குச்சட்டிய அங்கனயே வச்சுட்டு நானும் பின்சீட்டுல ஏறிட்டேன். எங்க வீட்டுக்காரர், நீ எதுக்குட்டின்னாரு. வாரேன்னேன்.

மொதலாளி வண்டியப் பாத்ததும் வாசல்லயே நின்னுட்டாரு. ஆனா சம்பந்தி ஒண்ணும் தெரியாம, நல்ல வண்டியால்லா இருக்குன்னு சொல்லிக்கிட்டே பின்னால ஏறிட்டாரு, சம்பந்தியம்மா எம்பக்கத்துல உக்காந்தாவ. மொதலாளிக்கு வேற வழியில்ல. முன்சீட்டுல ஏறுனாரு. அதே சீட்டு.

ஏறுனவரு பழக்கதோசம், சட்டைப் பையில இருந்து புத்துமண் பொட்டலத்த எடுத்தாரு. ஈரக் கையால ஒரு சிட்டிகை எடுத்துப் பெருவெரலக் கண்ணாடி மூலைக்குக் கொண்டு போறாரு.

"அங்கன வைக்காதீக அண்ணாச்சி. நெத்தியில வச்சுக்கிடுங்க"ன்னேன்.

பெருவெரல் அப்படியே நின்னுச்சு. சம்பந்தி ஏன்னு கேட்டாரு. எனக்கு ஆத்திரம் பொத்துக்கிட்டு வந்துச்சு, ஆனா கொரல ஒசத்தல. ரப்பர உரிச்சப்ப உள்ள இருந்த மண்ணச் சொன்னேன். அப்பளம் கணக்கா உதிர்ந்த தகட்டச் சொன்னேன். இதே வண்டிதான், இதே சீட்டுதான், நிச்சயத்தன்னைக்கு நனைஞ்சது இதனாலதான், டிரைவராலே இல்லன்னு சொன்னேன். வெளிய மழை ஊத்துது. வைப்பர் தள்ளத் தள்ளக் கண்ணாடி மறையுது. மொதலாளி ரப்பர் மேல மெல்ல விரல ஓட்டுனாரு, இந்த மூலையில இருந்து அந்த மூலை வரைக்கும். பெறகு மடியத் தொட்டுப் பாத்தாரு. காஞ்சு கெடக்கு. புளியங்குடி வரைக்கும் ஒரு சொட்டு இறங்கல.

சம்பந்தி வீட்டு வாசல். மொதலாளி உடனே இறங்கல. சம்பந்தியத் திரும்பிப் பாத்தாரு, எங்க வீட்டுக்காரரப் பாத்தாரு.

"அன்னைக்கு இந்த வாசல்ல நான் ஒன்னையக் கை நீட்டுனேன்லா," ன்னாரு. "அது…"

எங்க வீட்டுக்காரர் முடிக்க விடல. "அதெல்லாம் எதுக்கு மொதலாளி இப்ப. வண்டிய நான்தான் பாத்திருக்கணும். தப்பு எம்மேலதான். இறங்குங்க, மழை விட்டிருக்கு, நேரமாவுது."

மொதலாளி முகத்துல அப்படி ஒரு நிம்மதி. எங்க வீட்டுக்காரர் தோளத் தட்டிட்டு இறங்கி உள்ள போயிட்டாரு. நான் எருமையக் குடுத்து, கை தேஞ்சு, ரெண்டு வருசம் மழைக்குத் தவம் கெடந்து, மொதலாளி வாய் வரைக்கும் வந்த வார்த்தைய இந்த மனுசன் கையால தள்ளி விட்டுட்டாரு.

திரும்பும்போது மறுபடி மழை. முன்சீட்டுல உக்காந்துக்கிட்டு நாக்கப் புடுங்குத மாதிரி கேட்டேன். ஒமக்கு ரோசம் இல்லியா, மானம் இல்லியான்னேன். நீங்கன்னு சொல்லுத வாய் அன்னைக்கு ஒமக்குன்னு சொல்லிருச்சு. அவரு கியர மாத்துனாரு. பெறகு ரோட்டப் பாத்துக்கிட்டே சொன்னாரு.

"அவரு என்னைய ஒரே ஒரு தடவதாம்ட்டி அடிச்சாரு. நீதான் தெனமும் சோத்துத் தட்டு முன்னால அந்த அடிய எடுத்து வச்ச. இன்னைக்கு அவரு தப்புன்னு சொல்லியிருந்தா, அதையும் நீ தெனமும் சொல்லுவ. எனக்கு அந்தப் பேச்சு முடிஞ்சாப் போதும்."

நிறுத்துங்கன்னேன். இறங்கி மழையில நடந்தேன். அவரு வண்டிய மொத கியர்ல போட்டு, எம்பக்கத்துக் கதவ எட்டித் தொறந்து வச்சுக்கிட்டு, கூடவே உருட்டிக்கிட்டு வந்தாரு. சாரல் சீட்டுலயும் தரையிலயும் அடிக்குது. நான் ஒவ்வொரு ஓட்டையாத் தொறந்து, ஒவ்வொரு தகடாத் தேய்ச்ச தரை. அதுல தண்ணி தேங்குதத என்னால பாக்க முடியல.

"கதவச் சாத்துங்க. துருப் பிடிச்சிரும்."

"பிடிக்கட்டும்"னாரு. கதவச் சாத்தல.

அந்த மனுசன் அதச் சொல்லுத ஆளே கெடையாது. நான் ரோட்டுல நின்னுட்டேன். வண்டியும் நின்னுச்சு. பெறகு ஏறிக் கதவச் சாத்துனேன். முந்தானையால தரையத் தொடச்சுக்கிட்டே வந்தேன்.

மொதலாளிய நான் மன்னிக்கல. அவரு செத்த வீட்டுக்கும் போகல. எங்க வீட்டுக்காரர் மட்டும் மாலையோட போயிட்டு வந்து குளிச்சாரு. நான் வெந்நி வச்சுக் குடுத்தேன், சோறு போட்டேன். அன்னைக்கும் அவரு கிட்ட அந்தப் பேச்ச எடுக்கல.